ஆள் சப்ளை

சித்தூருக்கு வெளியே இருந்த ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்கு இன்ட்ராநெட் போட்டுத்தர எங்கள் பெங்களூர் கம்பெனி ஆர்டர் பிடித்தபோது, யாரை அனுப்புவது என்பது ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. எனக்குத் தமிழ் தெரியும், தெலுங்கு தெரியும், ஊரும் பக்கம். "வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டே வேலை பாக்கலாம், உனக்கென்ன" என்றார் என் டீம் லீடர். நான் சிரித்து வைத்தேன். அதே ஃபேக்டரிக்கு மூன்று சீசனாக என் நைனா கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் ஊர் வேலூர் ரோட்டில், எல்லைக்கு ஆந்திரப் பக்கம். வீட்டில் தமிழ், எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீசில் தெலுங்கு. தாத்தா வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்கள். நைனா தலையெடுத்த பிறகு அரசாங்கம் அரை ஏக்கர் கொடுத்தது. அதில் வேர்க்கடலை போட்டுவிட்டு மீதி நாளெல்லாம் கூலிக்குப் போவார். நான் படித்தது அந்தக் கூலியில்தான். மாங்காய் சீசன் வந்தால் காண்ட்ராக்டரின் வேன் விடிந்ததும் ரோட்டு மேல் வந்து நிற்கும். எங்கள் ஊரிலிருந்து மட்டும் இருபது பேர் ஏறுவார்கள்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். நைனா தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"எந்த கேட்டு வழியா வருவே?"

"மெயின் கேட்டு."

"நாங்க பின்னாடி கேட்டு. அப்ப சரி." மறுபடி தட்டில் கை வைத்துக்கொண்டே சொன்னார். "என்னைப் பாத்தா நின்னுக்கினு பேசாத. தெரியாத மாதிரி போய்க்கினே இரு. உனக்கு அங்க சேர் போட்டு உக்கார வெப்பாங்க. காண்ட்ராக்ட் ஆளு பொண்ணுன்னு தெரிஞ்சா அந்தச் சேரை எடுத்துடுவாங்க."

அப்படியெல்லாம் இல்லை நைனா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "சரி" என்றேன். சொன்னதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஃபேக்டரிக்கு இன்ட்ராநெட் தேவைப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர்கள் கூழை டின்னில் அடைத்து வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முந்தின வருஷம் வாங்குகிறவர்கள் அனுப்பிய தணிக்கை ஆட்கள் வந்து, ஒரு டின்னைக் காட்டி, இது எந்தத் தோட்டத்துப் பழம், எந்த நாளில் எத்தனை டிகிரியில் காய்ச்சியது, காகிதம் எங்கே என்று கேட்டார்கள். காகிதம் இருந்தது. எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. எல்லா டிபார்ட்மெண்டும் எல்லாக் காகிதமும் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டுவிட்டார்.

ஊழியர்களைக் கவனிக்கிற பர்சனல் மேனேஜர்தான் எனக்குப் பொறுப்பு. ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, குரலை உயர்த்தாத மனிதர். முதல் நாள் நான் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை என்பது அவருக்கு உறுத்தியது.

"எப்போ ஆரம்பிப்பீங்க மேடம்?"

"ஆரம்பிச்சாச்சு சார். யார் எதைத் தேடறாங்க, அதுக்கு என்ன பேர் சொல்றாங்கன்னு முதல்ல எழுதணும். அது தெரியாம பக்கம் போட்டா, இப்போ பீரோவுல தொலையறது அப்புறம் கம்ப்யூட்டர்ல தொலையும்."

அவர் சிரித்தார். மறுநாளிலிருந்து எந்த அறைக்கும் நான் போகலாம், எந்த பீரோவையும் திறந்து காட்டச் சொல்லலாம் என்று ஒரு சுற்றறிக்கை விட்டார். அதில் அவர் போட்ட கையெழுத்து எனக்கு ஒரு சாவிக்கொத்து மாதிரி.

ஒரு மாதம் அலைந்தேன். போன வாரம் எந்தக் காகிதத்தைத் தேடினீர்கள், எங்கே கிடைத்தது, கிடைக்காவிட்டால் யாரைக் கேட்பீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, ஒரு காகிதத்துக்கு ஓர் அட்டை என்று எழுதினேன். லேப்காரர்கள் பேட்ச் ஷீட் என்று சொன்னதும், காய்ச்சுகிற இடத்தில் குக் ஷீட் என்று சொன்னதும், ஸ்டோரில் பச்சைத்தாள் என்று சொன்னதும் ஒரே காகிதம் என்று கண்டுபிடித்த அன்று எனக்குப் பெரிய சந்தோஷம். தணிக்கை ஆட்களை இரண்டு நாள் உட்கார வைத்தது அந்த மூன்று பெயர்கள்தான். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை நான் நன்றாகச் செய்தேன்.

நைனாவை அந்த மாதத்தில் நாலைந்து முறை பார்த்தேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மாங்காய்க் கிரேட்டுகளைக் கழுவும் தொட்டிக்குத் தள்ளிக்கொண்டு போவார். ஒரு தடவை ஒரு கை தூரத்தில் கடந்து போனேன். அவர் என் செருப்பைப் பார்த்தார். நான் கையிலிருந்த நோட்டைப் பார்த்தேன்.

வந்துபோகும் நேரம் குறிக்கிற டைம் ஆபீசில் ஓர் அக்கா இருந்தார். பலமனேரிலிருந்து தினமும் பஸ்ஸில் மலை இறங்கி வருவார். கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் மட்டும். அந்த ஃபேக்டரியில் என் கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். நாங்கள் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் பேசிக்கொள்வோம். மத்தியானம் தன் டிபன் பாக்ஸிலிருந்து கத்தரிக்காயை என் தட்டில் வைப்பார்.

ஒரு நாள் அவருடைய கீழ் அலமாரியில் பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றைப் பார்த்து, அது என்ன என்று கேட்டேன். அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுத் திறந்து காட்டினார். காண்ட்ராக்ட் ஆட்களின் தினசரி வருகை. பேர், ஊர், எந்தப் பகுதியில் வேலை, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம்.

"கம்பெனி ஆளுங்களோட அட்டெண்டன்ஸ் மஸ்டர் வேற. இது காண்ட்ராக்டர் வெச்சிக்க வேண்டியது. அவன் சூப்பர்வைசருக்கு எழுத வராது. நெருப்பு கிருப்பு பிடிச்சா உள்ள எத்தனை பேர் இருக்காங்கன்னாவது தெரியணுமே. அதான் நானே எழுதறேன். இது இங்க இருக்கறது மேல இருக்கறவங்களுக்குத் தெரியாது. நீ உன் அட்டையில போட்டுடாதம்மா."

"போட மாட்டேன் அக்கா" என்றேன். அட்டையில் எழுதவில்லை. ஆனால் நோட்டைப் புரட்டும்போது எங்கள் ஊர்ப் பேர் இருக்கும் பக்கத்தில் நைனாவின் பேரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். அக்காவின் கையெழுத்து அழகாக இருந்தது.

மாதக் கடைசியில் ட்ரெயினிங் ஹாலில் எட்டு டிபார்ட்மெண்ட் ஆட்களை உட்கார வைத்து, அட்டைகளை மேசை மேல் பரப்பினேன். எது எதோடு சேரும் என்று நீங்களே பிரித்து அடுக்குங்கள், ஒவ்வொரு குவியலுக்கும் நீங்களே பேர் வையுங்கள் என்றேன். முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு சின்னப் பிள்ளைகள் மாதிரி சண்டை போட்டுக்கொண்டு அடுக்கினார்கள். கடைசியில் ஓர் அட்டை மிஞ்சியது. 'காண்ட்ராக்ட் லேபர்' என்று நானே எழுதியது.

பர்சனல் டிபார்ட்மெண்ட் ஆள் அதைத் தன் குவியலிலிருந்து தள்ளினார். "எங்க ரோல்ல இருக்கறவங்கதான் எங்களுக்கு. இது பர்சேஸ்."

பர்சேஸ் ஆள் மறுக்கவில்லை. "ஆமா, பில் எங்ககிட்டதான வருது" என்று சொல்லி, டீசல், விறகு, காலி டின் அட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தச் சின்னக் குவியலுக்குப் பேர் கேட்டபோது, "ஆள் சப்ளைன்னு போடுங்க மேடம், எல்லாருக்கும் புரியும்" என்றார்.

நான் ஒரு முறை கேட்டேன். "ஆளுங்க இல்லையா சார் அவங்க? ஆளுங்க பக்கத்துல வர வேண்டாமா?"

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தில் பார்க்கவில்லை. நான் அட்டையை அங்கேயே விட்டேன். பயன்படுத்துகிறவர்கள் எங்கே தேடுவார்களோ அங்கேதான் வைக்க வேண்டும், நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்பது என் தொழிலில் பாலபாடம். அது எனக்கு வசதியாகப் போயிற்று. மறுநாள் சார்ட் பேப்பரில் மரம் மாதிரி கிளை கிளையாக வரைந்தேன். கொள்முதல், அதன் கீழே சேவைகள், அதன் கீழே ஆள் சப்ளை. அடியில் 'தயாரித்தவர்' என்று என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் அதைத் தன் அறைச் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா கேட்டார். "நீ அங்க என்னதாம்மா பண்றே? நோட்ட வெச்சிக்கினு சுத்திக்கினே கீறே."

விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அதுல எங்க ஆளுங்க எங்க வர்றோம்?" என்றார்.

"உங்களுக்குத் தனியா ஒரு பக்கம் இருக்குது நைனா."

அவர் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே" என்றார்.

நான் அங்கே போன மூன்றாம் மாதம், சீசன் உச்சத்தில் இருந்த ஒரு பகலில் நான் லேபில் உட்கார்ந்து பேர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். காய்ச்சுகிற பக்கம் இருந்து நீளமாக ஒரு சீறல் கேட்டது, பிறகு கத்தல். வராந்தாவில் ஓடிய ஒருவர் எட்டிப் பார்த்து, "காண்ட்ராக்ட் ஆளுக்கு ஆவி அடிச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுந்து போய்ப் பார்த்தேன். முதலுதவி அறையில் ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். வலது கையும் கழுத்தின் ஒரு பக்கமும் தோல் வழன்று வெளுத்திருந்தது. என் நைனா.

அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த வலியிலும் பேச்சைக் காப்பாற்றினார்.

கட்டுப் போடுகிறவர், "இவரோட யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் முந்திக்கொண்டு, "நான் பாத்துக்கறேன்" என்றார். வேனில் ஏற்றினார்கள். நான் நின்றேன். வேன் கேட்டைத் தாண்டிய பிறகுதான் என் கால் நகர்ந்தது.

சித்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே மருந்து தடவி திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். ஊருக்கு ஆள் சொல்லி அனுப்பி அம்மாவை வரவழைத்தேன். இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். அம்மா வழியெல்லாம், "நீ அங்கதான இருந்தே, நீ அங்கதான இருந்தே" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சந்திரகிரி தாண்டும்போது, "ஆமா, இருந்தேன்" என்றேன்.

வார்டில் நைனாவின் கேஸ் ஷீட்டைப் பார்த்தேன். 'வீட்டில் வெந்நீர் கொட்டியது' என்று எழுதியிருந்தது. சேர்க்கும்போது சூப்பர்வைசர் சொன்னது அது. நைனாவுக்கு அப்போது பாதி மயக்கம். கூட வந்தவர் சொன்னதை எழுதிக்கொண்டேன், வேலையிடத்தில் நடந்தது என்றால் அதற்குக் காகிதம் கொண்டுவாங்க என்றார் டாக்டர்.

மறுநாள் காலை நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் வழக்கம் போல உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"சார், நேத்து அடிபட்டவருக்கு ஃபேக்டரியில நடந்ததுன்னு ஒரு லெட்டர் வேணும்."

"காண்ட்ராக்டர் சொல்றாரு, அந்த ஆள் நேத்து வேலைக்கே வரலையாம். சும்மா உள்ள வந்திருக்காராம்."

"அது பொய் சார்."

"இருக்கலாம்மா. ஆனா நம்ம ஆள் இல்லையே அவர். நம்மகிட்ட ரெக்கார்டே கிடையாது." சுவரைப் பார்த்தார். "நீங்களே போட்டிருக்கீங்க பாருங்க. ஆள் சப்ளை. அது காண்ட்ராக்டர் விஷயம்."

அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அவருக்கு அது வெறும் தகவல்.

"அவர் எங்க நைனா சார்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். நான் வெளியே வரும்போது அவர் எழுந்து நின்றிருந்தார். எதற்காக எழுந்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் டைம் ஆபீஸுக்குப் போனேன், அக்கா சாப்பிடப் போயிருந்தார். அலமாரி பூட்டியிருக்கவில்லை. அங்கே நான் நுழைவதை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், சுற்றறிக்கை இருந்தது. பழுப்பு அட்டை நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கேட்டுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் அந்தப் பக்கத்தை நகல் எடுத்தேன். நைனாவின் பேர், ஊர், அன்று அவரைப் போட்டிருந்த காய்ச்சும் பகுதி, உள்ளே வந்த நேரம். வெளியே போன நேரத்துக்கான கட்டத்தில் 'ஆஸ்பத்திரி' என்று அவர் எழுதியிருந்தார். திரும்பிப் போய் நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். வெளியே வரும்போது அக்கா கை துடைத்துக்கொண்டே எதிரே வந்தார். "நைனாவாமே, இப்போதான் சொன்னாங்க. எப்படி இருக்காரு? சாப்ட்டியா நீ?" என்று என் தோளைப் பிடித்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பரவாயில்ல அக்கா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நகலைத் தொழிலாளர் அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் கண்டிப்பான மனிதர். மூன்றாம் நாள் கம்பெனியையும் காண்ட்ராக்டரையும் கூப்பிட்டார். இது யார் கையெழுத்து என்று அவர் கேட்டபோது மேனேஜர் குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார், அக்காவின் கையெழுத்து என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கேஸ் ஷீட் திருத்தப்பட்டது. வைத்தியச் செலவும் நஷ்டஈடும் கம்பெனி கொடுத்தது. என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளரின் காகிதத்தை வெளியே கொண்டுபோனவள் என்று பெங்களூரில் ஒரு கடிதம் கொடுத்து, மரியாதையாகவே அனுப்பிவைத்தார்கள். அதற்கு நான் தயாராக இருந்தேன். அக்காவைத் தடா பக்கம் இருந்த குடோனுக்கு மாற்றிவிட்டார்கள் என்பது பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. பலமனேரிலிருந்து தடாவுக்குத் தினமும் போய்வர முடியாது. பெண்ணின் படிப்பை நடுவில் நிறுத்தவும் முடியாது. அவர் வேலையை விட்டுவிட்டார்.

நைனா ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். தோல் எடுத்து ஒட்டினார்கள். முழங்கை முழுசாக நீளவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள், "அந்தக் காயிதம் உனுக்கு யார் குட்த்தது?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். ஆள் சப்ளை என்று எழுதியதையும் சொன்னேன். தனிப் பக்கம் என்று சொன்னது பொய் என்றேன். "அந்தம்மா வூடு எங்க கீது?" என்றார்.

இரண்டு பேரும் பலமனேர் போனோம். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. வாசலில் தக்காளிக் கூடைகளும் ஒரு தராசும் இருந்தன. மண்டியிலிருந்து வாங்கிச் சில்லறைக்கு விற்கிறார் என்று தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் உள்ளே வரச் சொன்னார். நைனாவுக்கு ஸ்டூலைப் போட்டு, கையைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். நீட்டுங்க, மடக்குங்க என்றார். தேங்காயெண்ணெய் தடவுகிறீர்களா என்று கேட்டார். டீ போட்டுக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

நைனா கும்பிட்டார். "உன்னாலதாம்மா எனுக்கு இந்தக் கை கீது. உன் வேல போச்சே."

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. எழுதினேன், அவ்வளவுதான்" என்றார். பிறகு முதல் முறையாக என் பக்கம் திரும்பினார். "கேட்டிருந்தா குடுத்திருப்பேன்னு நெனைச்சுக்காத. குடுத்திருக்க மாட்டேன். எனக்கும் பொண்ணு இருக்கா. ஆனா நீ கேட்டிருக்கணும். மூணு மாசம் என் பக்கத்துல உக்காந்து துன்னே."

"தப்புதான் அக்கா" என்றேன்.

அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். கம்ப்யூட்டர் வந்துவிட்டதாம். என் மரம் அப்படியே இருக்கிறதாம். பேட்ச் ஷீட் ஒரு நிமிஷத்தில் கிடைக்கிறதாம். தணிக்கை ஆட்கள் பாராட்டினார்களாம். காண்ட்ராக்ட் ஆட்களின் நோட்டை மட்டும் டைம் ஆபீஸில் யாரும் எழுதக்கூடாது என்று உத்தரவு. காண்ட்ராக்டர் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறார்.

"அப்ப இனிமே அடிபட்டவன் எதக் காட்டுவான்?" என்று நைனா கேட்டார்.

வாசலில் யாரோ தக்காளி கேட்டு நின்றார்கள். அக்கா எழுந்து போனார். நாங்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுச் சொல்லிக்கொண்டு கிளம்பினோம். நைனாவிடம் ஒரு பை தக்காளி கொடுத்துவிட்டார். பஸ்ஸில் இடம் இல்லை. நைனா இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு சித்தூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். பையை நான் வைத்துக்கொண்டேன்.